காட்டுக்கு நிலைநிதி: பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளின் பணமும் பொறுப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் யானையையும் புலியையும் பற்றிப் பேசுவார்கள். நான் காட்டின் வரவு செலவைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு காட்டைச் சரணாலயம் என்று அரசிதழில் அறிவிக்க ஒரு நாள் போதும். அதன்பின் அதைக் காக்க ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு மாதமும் பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது, யார் கையில் சேருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் நேர்மையான விடை இல்லாத காடு வரைபடத்தில் மட்டுமே காடாக இருக்கும். இன்று நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: காட்டால் வாழ்கிறவர்கள் காட்டுக்குப் பங்கு கொடுக்க வேண்டும், அந்தப் பங்கு கரையாத நிதியாக, ஊரறியக் கணக்குக் காட்டும் நிதியாக இருக்க வேண்டும்.

பொதிகைக் காடு

நெல்லைச் சீமையில் பேசுவதால் களக்காடு முண்டந்துறையையே எடுத்துக்கொள்கிறேன். முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயங்களாயின. இரண்டும் சேர்ந்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. உள்வட்டப் பகுதி மட்டும் ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர். சோலைமந்தியும் வரையாடும் வாழும் மலை இது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியோடு காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, இராமநதி, பச்சையாறு எல்லாம் இந்த மலைத்தொடரிலிருந்தே இறங்குகின்றன. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றால் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எண்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். ஊர் ஊராகக் கூட்டுக்குடிநீர்த் திட்டங்கள். பாபநாசத்திலும் சேர்வலாற்றிலும் மின் உற்பத்தி. தூத்துக்குடியின் ஆலைகளுக்கும் கங்கைகொண்டான் தொழிற்பேட்டைக்கும் தண்ணீர். ஒரே மாநிலத்துக்குள் பிறந்து, அதற்குள்ளேயே புன்னைக்காயலில் கடல் சேர்கிற ஆறு இது. இதைக் காக்க வேறு மாநிலத்தின் சம்மதம் தேவையில்லை. தடுத்தார்கள் என்று யாரையும் கைகாட்டவும் வழியில்லை.

இந்தக் காட்டைக் காப்பது என்றால் அன்றாடம் என்ன நடக்கிறது? வேட்டைத் தடுப்பு முகாம் என்பது பெரும்பாலும் ஓர் அறைக் கட்டடம். சுற்றிலும் யானை வராமல் அகழி. நான்கைந்து காவலர்கள், ஒரு சூரியத் தகடு, வாக்கிடாக்கி, சில நாளுக்கான அரிசி, பருப்பு, மழைக்காலத்தில் அட்டைக் காலுறை. காலையில் புறப்பட்டு வரையறுத்த பாதையில் நடக்க வேண்டும். கால்தடம், எச்சம், வெட்டிய மரம், கண்ணிக் கம்பி எது தென்பட்டாலும் கைபேசிச் செயலியில் பதிய வேண்டும். இவர்களில் பலர் காணிப் பழங்குடியினர். அடிவார ஊர்க்காரர்களும் உண்டு. நிரந்தரப் பணி இல்லாதவர்களே மிகுதி. காப்பகத்தின் கண்ணும் காதும் இவர்கள்தாம். இவர்கள் சம்பளம்தான் நிதி தாமதமானால் முதலில் நிற்கிறது.

தீத்தடுப்புக் கோடு இன்னொரு சான்று. அடிவாரத்தில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும் பகுதிகளில், தை முடிவதற்குள் பல மீட்டர் அகலத்துக்குப் புல்லை அறுத்து, சருகைக் கூட்டி, கட்டுப்பாட்டோடு எரித்துக் கோடு போட வேண்டும். பிறகு கோடை முழுவதும் தீக்காவலர்கள் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது. ஏப்ரலும் மே மாதமும் தீ அபாயம் மிகுந்த காலம். அதே காலத்தில்தான் பழைய ஆண்டின் பணம் தீர்ந்து, புதிய ஆண்டின் ஒப்புதல் வராமல் இருக்கும். அந்த இரண்டு மாதமும் கடனிலும் வாக்குறுதியிலும்தான் வேலை ஓடுகிறது.

பணம் வரும் வழி

1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் திட்டம் 9 காப்பகங்களோடு தொடங்கியது. இன்று காப்பகங்கள் 58. நடுவே 2005-இல் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்ற செய்தி நாட்டை உலுக்கியது. சுனிதா நாராயண் தலைமையில் 2005-இல் அமைந்த புலிகள் பணிக்குழு, துப்பாக்கியாலும் வேலியாலும் மட்டும் காட்டைக் காக்க முடியாது, சுற்றி வாழும் மக்களுக்கு அதில் பங்கு வேண்டும் என்று சொன்னது. 2006-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டுத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் பிறந்தது. அதே திருத்தம் ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை அமைக்கச் சொன்னது. 2006 கணக்கெடுப்பில் 1,411 என மதிப்பிடப்பட்ட புலிகள் 2022-இல் 3,682 ஆக உயர்ந்தன, தமிழ்நாட்டில் 306. இது உழைப்பின் பலன், பெருமைக்குரியது.

ஆனால் பணம் வரும் பாதை இன்னும் பழையதே. காப்பகம் ஆண்டுச் செயல்திட்டம் எழுதுகிறது, மாநிலம் அனுப்புகிறது, ஆணையம் பார்த்து ஒப்புகிறது, மத்திய, மாநில அரசுகளின் பங்கு தவணை தவணையாகக் கருவூலம் வழியே இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் சில வாரங்கள் போகின்றன. காப்பகங்கள் பெருகிய அளவுக்கு நிதியும் பெருகவில்லை. புலிகள் திட்டத்தில் 2018–19-இல் மத்திய அரசு தந்தது சுமார் 323 கோடி ரூபாய். 2020–21-இல் அது சுமார் 195 கோடிக்கு இறங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் அரசுக்கு வேறு செலவு இருந்தது உண்மை. காட்டில் கண்ணி வைக்கிறவனுக்கு அந்தக் காரணம் தெரியாது.

இன்னொரு வாய்ப்பையும் நாம் நழுவவிடுகிறோம். மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கைக் கணக்கிடும்போது, 14ஆவது நிதிக்குழு காட்டுப் பரப்புக்கு 7.5 விழுக்காடு எடை தந்தது. 15ஆவது நிதிக்குழு அதை 10 விழுக்காடாக உயர்த்தியது. காடு வைத்திருப்பதற்காக ஒரு மாநிலத்துக்கு வருவாய் கிடைக்கிறது. ஆனால் அதைக் காட்டுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காட்டின் பெயரால் வந்த பணம் பொதுக் கணக்கில் கலந்துவிடுகிறது.

நுழைவுச் சீட்டும் இழப்பீடும்

சுற்றுலாவை வளர்த்தால் போதுமே, காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுமே என்று சிலர் சொல்வார்கள். நுழைவுக் கட்டணம் நல்ல துணை. ஆனால் அதையே ஆதாரமாக நம்பக் கூடாது என்பதை 2020 மார்ச் மாதம் உலகுக்கே காட்டியது. ஊரடங்கில் காப்பகங்களின் வாயில்கள் மூடப்பட்டன, வசூல் நின்றது, காவல் வேலை நிற்கவில்லை. மேலும், புலி எளிதில் கண்ணில் படும் ரந்தம்பூருக்கு வரும் கூட்டம், மழைக்காட்டில் மூடிக் கிடக்கும் பொதிகைக்கு வராது; வரவும் கூடாது. இங்குள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசைக்கு வரும் பெருங்கூட்டத்தைச் சமாளிக்கவே களக்காடு முண்டந்துறை திணறுகிறது. வருமானத்துக்காகக் கூட்டத்தைப் பெருக்கினால், எதைக் காக்கப் பணம் திரட்டுகிறோமோ அதையே இழப்போம்.

இரண்டாவது, இழப்பீட்டு நிதி. இதன் வேர் நம் நீலகிரியின் கூடலூரில் இருக்கிறது. அங்கே காடு அழிவதைக் கண்டு நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கு இந்தியாவின் வனச் சட்டத்தையே மாற்றியது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர்கள் ஒரு ஹெக்டேருக்குக் காட்டின் தரத்துக்கேற்ப 4.38 இலட்சம் முதல் 10.43 இலட்சம் ரூபாய் வரை நிகர நிகழ்கால மதிப்புத் தொகை கட்ட வேண்டும் என்று 2008-இல் முடிவானது. சேர்ந்த தொகையில் சுமார் 47,000 கோடி ரூபாய் 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. பெரிய தொகை. ஆனால் காடு அழிந்தால் மட்டுமே இந்த நிதி வளரும். ஒரு காட்டின் இழப்பை இன்னொரு காட்டின் வருமானமாக்கும் ஏற்பாட்டை நிரந்தர அடித்தளமாகக் கொள்ள மனம் ஒப்பவில்லை.

தேக்கடி காட்டிய வழி

அடுத்த வீட்டில் நடந்த நல்லதைப் பார்ப்போம். தேக்கடியில் உள்ள பெரியாறு புலிகள் காப்பகம் கேரளத்தில் இருந்தாலும், அதன் நடுவே கிடக்கும் ஏரியின் தண்ணீர் 1895 முதல் தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கமே பாய்கிறது. உலக வங்கி, உலகச் சுற்றுச்சூழல் வசதி ஆகியவற்றின் உதவியோடு இந்தியாவில் ஏழு இடங்களில் 1996 முதல் 2004 வரை சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பெரியாறு அவற்றில் ஒன்று.

வயணா எனும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்கு அத்துபடி. வனத்துறை அவர்களோடு பேசி, திருந்தி வருகிறவர்கள் மீதான வழக்குகளைக் கைவிட இசைந்து, அவர்களையே காவலுக்கும் பயணிகளுக்கு வழிகாட்டவும் அமர்த்தியது. பயணிகள் இவர்களோடு போகும் நடைப்பயணத்தின் கட்டணம் அவர்கள் கூலிக்கும் குழுவின் பொது நிதிக்கும் போயிற்று. பட்டை உரித்த கைகள் பட்டை உரிப்பவரைப் பிடித்தன. குமிளிப் பக்கத்துப் பெண்கள் வசந்தசேனை என்று குழுவாகச் சேர்ந்து, ஊதியம் கேளாமல் ரோந்து போனார்கள்.

இவ்வளவும் திட்டம் முடிந்த கையோடு கரைந்துபோயிருக்கலாம். வெளிநாட்டுப் பணத்தில் நடந்த எத்தனையோ திட்டங்களின் கதி அதுதான். பெரியாற்றில் திட்டம் முடிகிற 2004-லேயே பெரியாறு அறக்கட்டளையை நிறுவினார்கள். நுழைவுச் சீட்டோடு ஒரு சூழல் மேம்பாட்டுக் கூடுதல் கட்டணம் வாங்கி, அதை அறக்கட்டளையில் சேர்த்து, குழுக்களின் பணியைத் தொடர்ந்தார்கள். அரசிடம் ஒப்புதல் கேட்டுக் காத்திராமல் அவசரத்துக்குக் கை நீட்ட ஒரு பெட்டி இருந்தது. 2022-ஆம் ஆண்டின் மேலாண்மைத் திறன் மதிப்பீட்டில் நாட்டின் காப்பகங்களில் பெரியாறு 94.38 விழுக்காட்டோடு முதலிடம் பெற்றதில், தொடர்ந்து வந்த அந்தச் சிறு பணத்துக்கும் பங்குண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

களக்காடு முண்டந்துறையும் இதில் பின்தங்கியதில்லை. 1990களின் நடுவில் உலக வங்கி உதவியுடன் அடிவாரத்து நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. விறகு சுமந்து பிழைத்த பெண்களுக்கு மாடு, தையல் எந்திரம், சிறு கடை என்று சுழல்நிதிக் கடன் கிடைத்தது. தலைச்சுமை விறகு வெகுவாகக் குறைந்தது. ஊர்க் கையில் பணம் இருந்தால் ஊர் காட்டைக் காக்கும் என்பதை நாமே செய்து காட்டியிருக்கிறோம்.

சாவா மூவாப் பேராடு

இப்படிக் கரையாமல் நின்று பயன் தரும் நிலைநிதி என்பது நமக்குப் புதிதில்லை. சோழர் காலத்துக் கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க நிவந்தம் விட்டார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றார்கள். ஆடு யார் பொறுப்பில் இருக்கிறது, அவருக்குப் பிணை யார் என்பதையும் பெயரோடு கல்லில் வெட்டினார்கள். முதலைத் தொடாதே, விளைவை மட்டும் எடு, பொறுப்பாளி யார் என்று எல்லாரும் அறிய எழுது. இந்த மூன்று விதிகளும் இன்றைய வன அறக்கட்டளைக்கு அப்படியே பொருந்தும்.

இன்றைய கணக்கில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். 100 கோடி ரூபாயை 7 விழுக்காட்டில் வைத்தால் ஆண்டுக்கு 7 கோடி வட்டி. விலைவாசி 5 விழுக்காடு ஏறினால், முதலின் மதிப்புக் குறையாமலிருக்க 5 கோடியைத் திரும்ப முதலிலேயே சேர்க்க வேண்டும். செலவுக்கு மிஞ்சுவது 2 கோடி. ஆகவே வைப்புத்தொகை மட்டும் போதாது. ஆண்டுதோறும் புதிதாக ஒரு வரத்தும் வேண்டும்.

பூட்டான் இதைப் புரிந்துகொண்ட நாடு. 1990களின் தொடக்கத்திலேயே சுற்றுச்சூழலுக்கென்று நிலைநிதி வைத்தது. பிறகு 2017-இல் 'வாழ்வுக்கான பூட்டான்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கொடையாளர்கள் சேர்ந்து தந்தது 4.3 கோடி டாலர். அது 14 ஆண்டுகளில் ஆண்டுக்காண்டு குறைந்து தீரும். அதே அளவுக்கு அரசின் பங்கு ஆண்டுக்காண்டு ஏறும். கொடை நிற்கிற நாளில் அரசு தன் காலில் நிற்கும். கோஸ்டா ரிக்கா இன்னொரு வழி கண்டது. 1996-இன் வனச்சட்டத்தின்கீழ் எரிபொருள் வரியில் ஒரு பங்கைக் காடு வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. பின்னாளில் நீர்க் கட்டணத்திலும் ஒரு பங்கை ஒதுக்கியது. நம் நாட்டிலேயே இமாச்சலத்தின் பாலம்பூர் நகராட்சி, தனக்குக் குடிநீர் தரும் ஊற்றின் மேல்பகுதிக் காட்டைக் காக்கும் கிராமச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர 2010-இல் உடன்படிக்கை செய்தது. தொகை சிறிது, முன்மாதிரி பெரிது.

தண்ணீரைப் பயன்படுத்துவோர் பங்கு

போபாலின் இந்திய வன மேலாண்மை நிறுவனம் மது வர்மா தலைமையில் ஆறு புலிகள் காப்பகங்களின் பயனை மதிப்பிட்டு 2015-இல் அறிக்கை தந்தது. பெரியாறு காப்பகம் தரும் பயன் ஆண்டுக்குச் சுமார் 1,760 கோடி ரூபாய். அதில் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குக் கிடைக்கும் தண்ணீரின் மதிப்பு மட்டும் சுமார் 405 கோடி. இது மதிப்பீடுதான், யார் பெட்டியிலும் விழுந்த பணம் அல்ல. ஆனாலும் நாம் எதை இலவசமாக வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை இது சொல்கிறது.

தாமிரபரணிக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஆலைக்குப் போகும் நீருக்குக் கட்டணம் உண்டு. இறைக்கும் மின்சாரம், குழாய், சுத்திகரிப்பு, பராமரிப்பு எல்லாம் அதில் அடங்கும். அந்த நீரைப் பிடித்து வைத்துத் தரும் காட்டுக்குத் தனிப் பங்கு இல்லை. என் முன்மொழிவு இதுதான்.

முதலாவது, தாமிரபரணி நீரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோரின் கட்டணத்திலும் நீர்மின் வருவாயிலும் ஒரு சிறு பங்கைச் சட்டப்படி நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு ஒதுக்க வேண்டும். உழவர் மீதும் வீட்டுக் குடிநீர் மீதும் இந்தச் சுமை விழக் கூடாது.

இரண்டாவது, அந்தப் பங்கு பொதுக் கணக்கில் கலக்காமல் காப்பகத்தின் அறக்கட்டளைக்கு நேராகச் சேர வேண்டும். பாதி நிலைநிதியாக நிற்கட்டும். மறுபாதி அந்தந்த ஆண்டின் தீக்காவலுக்கும், காவலர் சம்பளத்துக்கும், உண்ணிச்செடி போன்ற அயல் களைகளை அகற்றவும், பயிர்ச்சேதத்துக்கு உடனடி உதவி தரவும் பயன்படட்டும். ஏப்ரல் முதல் தேதி சம்பளம் கொடுக்கும் அளவுக்கு எப்போதும் கையிருப்பு இருக்க வேண்டும். ஒரு காப்பகம் நன்றாக நடக்கிறதா என்று அறிய எனக்குத் தெரிந்த மிக எளிய அளவுகோல் அதுதான்.

மூன்றாவது, இந்த வரத்தைக் காட்டி அரசு தன் பங்கைக் குறைக்கக் கூடாது. அறக்கட்டளைப் பணம் அரசு நிதிக்கு மேல் வருவதாக இருக்க வேண்டும். இதை எழுத்தில் உறுதி செய்யாவிட்டால், ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுப்பதாகிவிடும்.

நான்காவது, அறக்கட்டளையின் குழுவில் காணிக் குடியிருப்புகளின் கிராம சபைக்கும், கிராம வனக்குழுப் பெண்களுக்கும், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கும் வாக்குரிமையோடு இடம் வேண்டும். 2006-இன் வன உரிமைச் சட்டம் தந்த உரிமைகளை ஏற்ற பிறகே அவர்களிடம் பொறுப்பைக் கேட்க முடியும். தலைமுறைகளாக அங்கே வாழ்கிறவர்களை வெளியே நிறுத்திவிட்டு எழுதும் மேலாண்மைத் திட்டம் எத்தனை கோடி கொட்டினாலும் நிற்காது. வரவும் செலவும் ஆண்டுதோறும் தமிழில் அச்சாகி, அடிவாரத்தின் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட இந்தக் காப்பகத்துக்குள் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்ட நிலத்தின் குத்தகைக் காலம் 2028-இல் முடிகிறது. தேயிலை நட்ட மலையை மறுபடி சோலையாக்குவது ஒரு திட்ட காலத்தில் முடிகிற வேலையில்லை. பல பத்தாண்டு வேலை. அங்கே நான்கைந்து தலைமுறையாக உழைத்து, இன்று வேலையிழந்து நிற்கும் குடும்பங்களின் மறுவாழ்வும் அதன் பகுதியே. அவர்களையே காடு மீட்கும் பணிக்கு அமர்த்தலாம். மலையை அவர்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை. ஆண்டுக்காண்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நிதியால் இது ஆகாது.

மாணவர்களே, 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய உலக நாடுகள் 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பதென உறுதி எடுத்தன. எல்லைக்கோடு போடுவது எளிது. கோட்டுக்குள் நடப்பவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதுதான் கடினம். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. களக்காடு முண்டந்துறை அறக்கட்டளையின் வரவு செலவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பொருளியல் படிப்பவர்கள் அதை ஆராயுங்கள்; தமிழ் படிப்பவர்கள் ஊருக்குப் புரியும்படி எழுதுங்கள். உங்கள் ஊர்க் கிராம சபையில், தாமிரபரணிக் காட்டுக்குத் தொழில் நீர்க் கட்டணத்தில் பங்கு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள்.

காட்டைக் காப்பது அரசின் கொடையும் இல்லை, பயணிகளின் தயவும் இல்லை. அந்தத் தண்ணீரால் வாழும் நாம் ஒவ்வோர் ஆண்டும் செலுத்த வேண்டிய கடன் அது. அதைச் செலுத்தத் தொடங்குவோம்.